வரப்போரத்துக் களை

நடு வயலில் நிற்கிற களையைவிட வரப்போரத்துக் களை பச்சையாக இருக்கும். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், ஆபீசில் உட்கார்ந்திருக்கிறவர். நான் முப்பத்தெட்டு வருஷம் ஸ்பிரேயரை முதுகில் கட்டிக் களை மருந்து அடித்தவன்.

நானே எழுதுகிறேன் என்று காகிதத்தைக் கேட்டு வாங்கினேன். நான் ஒன்று சொன்னால் உங்கள் ஆள் ஒன்று எழுதுவார். மூன்றாம் வகுப்போடு நின்றவன், பிழை இருக்கும், பொய் இருக்காது. நடுநடுவே எழுந்து நடப்பேன், கோபிக்க வேண்டாம். உட்கார்ந்தால் முழங்கால் தானாக ஆடுகிறது.

நடு வயலில் மருந்து முழுசாக விழும், களை கருகிவிடும். ஓரத்தில் காற்று தள்ளிக்கொண்டு போய் லேசான சாரலாகத்தான் படும். அங்கே சாகாது. பத்து நாள் சுணங்கி நிற்கும், பிறகு கொழுத்து எழும். மற்றதற்கு முன்னால் பூத்து இரண்டு பங்கு விதை கொட்டும். மருந்துக்கடைக்காரனிடம் கேட்டேன். "குறைச்சு அடிச்சா அதுக்கு டானிக் குடுத்த மாதிரி, பெரியவரே. கொல்றதா இருந்தா முழுசா கொல்லணும்" என்றான். கூட ஒரு பாட்டில் விற்கப் பார்க்கிறான் என்று நினைத்தேன். வீட்டுக்குப் பின்னால் இரண்டு பெயின்ட் டப்பாவில் ஒரே களையை வளர்த்துப் பார்த்தேன். ஒன்றுக்கு வெறும் தண்ணீர். இன்னொன்றுக்குப் பொட்டு மருந்து கலந்த தண்ணீர். பொட்டு வாங்கினது முழங்கால் உயரம் வந்து விதைத்தது. மற்றது ஒரு சாணைத் தாண்டவில்லை. கண்ணால் பார்த்த பிறகு எவன் சொல்லும் எனக்குத் தேவைப்படவில்லை.

வீட்டில் நான், மகன், மருமகள். அவர்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம், பிள்ளை இல்லை. எனக்கு அவன் ஒருவன்தான். ஒன்றுக்கும் உதவாத களை வருஷத்துக்கு ஆயிரம் விதை போடுகிறது, என் வம்சம் இவனோடு நிற்கப் போகிறது. டாக்டரிடம் போய்விட்டு வருவார்கள். என்ன சொன்னார் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அவள்தான் வாய் திறப்பாள். "எனக்குத்தான் மாமா, கொஞ்ச நாளாகும்னாங்க."

நல்ல பெண். என் மருந்துச் சட்டையைத் தனியாகத் துவைப்பாள், மூஞ்சியைச் சுளிக்க மாட்டாள். நான் தெருமுனையில் வரும்போதே களையெல்லாம் தானாகப் படுத்துக்கொள்ளும் என்று கேலி செய்வாள். நான் கெட்டது நினைத்திருந்தால் ஒரே நாளில் முடித்திருக்க மாட்டேனா?

காலையில் முதலில் எழுகிறவன் நான், டீயும் நான்தான் போடுவேன். ஈர்க்குச்சி நுனியை மருந்தில் தொட்டு அவள் டம்ளரில் ஒரு கலக்கு. அவ்வளவுதான்.

மூன்றாம் வாரம் வாந்தி எடுத்தாள். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். அன்றைக்கு எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை, சந்தோஷம். விசேஷமா என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல மாமா, வயிறு சரியில்ல" என்றாள். கூச்சப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் வாய் புண்ணானது, வளையல் முழங்கை வரை ஏறியது. சுணக்கம்தான், எழுந்துவிடுவாள் என்று இருந்தேன். பாதியில் நிறுத்தினால் அரைக்கிணறு தாண்டின கதையாகிவிடும். செடியைவிட மனுஷி பெரியவள் என்று இரண்டாம் மாதம் நுனியை இரண்டாக்கினேன். அப்போதும் என் கையால் டீயை வாங்கிக் குடித்தாள். உங்களுக்குச் சிரமம் மாமா என்பாள்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். ரத்தத்தில் மருந்து இருந்ததாம். இருக்கும், நான்தான் வைத்தேன். வேறு யாரையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம்.

நான் மகனிடம் முழுக்கச் சொன்னேன், எதற்காக என்பதையும் சேர்த்து. ஆஸ்பத்திரி நடையில் என் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"குறை எனக்குப்பா. அஞ்சு வருஷம் முன்னாடியே டாக்டர் சொல்லிட்டார். உங்களுக்குத் தெரிஞ்சா என்னை மதிக்க மாட்டீங்கன்னு அவதான் தன் மேல போட்டுக்கிட்டா."

அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இந்த வீட்டில் என்னிடம் யாரும் எதையும் நேராகச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணின் டம்ளரைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

அவன் டம்ளரில் வைத்திருப்பேன்.