எட்டுக் குரல் பெட்டி

அனலாக் சிந்தசைசர் வாங்க நினைப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது அதன் எடையை. ஒலியைப் பற்றி எல்லோரும் மணிக்கணக்கில் பேசுவார்கள். இருபத்தாறு கிலோவை மூன்று மாடி தூக்கிக்கொண்டு வந்தபின் எங்கே வைப்பது என்று ஒருவரும் பேசமாட்டார்கள்.

நடந்ததை மட்டும் எழுதச் சொன்னீர்கள். நடந்தது இங்கிருந்துதான் தொடங்குகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பார்ப்பதற்கு அது ஒரு கீபோர்டுதான். இப்போது கடைகளில் கிடைக்கும் கீபோர்டுகளில் ஒரு கம்ப்யூட்டர் சில்லு கணக்குப் போட்டு ஒலியைத் தருகிறது. இந்தப் பெட்டியில் மின்சாரமே அதிர்கிறது. எட்டுக் கட்டைகளை ஒன்றாக அழுத்தினால் உள்ளே எட்டுச் சர்க்யூட்டுகள் தனித்தனியாகப் பாடும். ஒன்றுக்கொன்று மயிரிழை விலகியிருக்கும். அந்த விலகலுக்குத்தான் அவ்வளவு விலை. போட்டவுடன் வாசிக்கவும் முடியாது. இருபது நிமிடம் சூடேறி ஒரு நிலைக்கு வரவேண்டும்.

இதை வாங்கலாமா வேண்டாமா என்று ஆறு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்பதற்கு எப்போதும் காரணம் இருந்தது. முதலில் விலை. அது ஓரளவு சரியானபின் இடம். இடத்துக்குப் பின்னால் சத்தம்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அண்ணன், அண்ணி, நான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் முப்பது வருடம் ஒலிப்பதிவு செய்தவர். வீட்டின் பெரிய அறைதான் ஸ்டுடியோ. சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. அங்கே வந்த எல்லாப் பாட்டுக்கும் நான்தான் கீபோர்டு. நுரையீரல் கெட்டபிறகு அவர் ஸ்டுடியோவை மூடினார். சாமான்களை விற்றோம். ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு ஸ்பீக்கர், ஒரு நல்ல மைக் மட்டும் மிஞ்சின. மேசைக்கு எதிரே அவருடைய கட்டில். வேறு அறையில் படுக்கமாட்டேன் என்றுவிட்டார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் மிஷின். அறைக் காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். நாள் முழுக்க ஓடும். குழாயின் நீளம் எட்டு மீட்டர். குளியலறை வரை எட்டும், வாசல்கதவு வரை எட்டாது. அண்ணிக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை. காலை எட்டரைக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் வருவார். அதுவரை நான். மின்சாரம் போனால் சிலிண்டரைத் திறக்க ஆள் வேண்டும். நான் கடைசியாக ஒரு முழுப்பகல் வெளியே இருந்தது நான்கு வருடத்துக்கு முன்னால். குழாய் அவருக்கு எட்டு மீட்டர் என்றால் எனக்கும் அதே எட்டு மீட்டர்தான். யாரும் அதை அளந்து பார்த்ததில்லை.

குறை சொல்வதாக நினைக்காதீர்கள். அண்ணன் நல்ல மனிதர். படுத்த படுக்கையிலும் கேலி பேசுவார்.

அந்த மிஷின் உறுமும். ஏறக்குறைய பி பிளாட் சுருதி. எந்த ராகத்தை எடுத்தாலும் அடியில் அது இருக்கும்.

"ஓசியில சுருதிப்பெட்டி கிடைச்சிருக்கு. அதுக்கு ஏத்த மாதிரி வாசிச்சுட்டுப் போயேன்" என்பார் அண்ணன்.

"உங்க சுருதிக்கு வாசிச்சு வாசிச்சு எனக்கு வேற சுருதியே மறந்துபோச்சுண்ணா" என்பேன். சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும். இருமல் நிற்கும்வரை முதுகைத் தடவிக்கொடுப்பேன்.

ஒரு திங்கட்கிழமை மருத்துவர் வீட்டுக்கு வந்து பரிசோதித்தார். நோய் அதே இடத்தில் நின்றுவிட்டது, இன்னும் மோசமாகாது என்றார். "இப்படியே பார்த்துக்கிட்டா இன்னும் பத்து வருஷம் தாராளமா இருப்பார்" என்று என் தோளைத் தட்டினார். "எல்லாம் இந்தத் தம்பி கைராசி."

அண்ணி அழுதார். அண்ணன் என்னைப் பார்த்து, "மாட்டிக்கிட்டியா?" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். மகிழ்ச்சியான செய்திதான். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கூட்டிப் பார்த்தேன்.

அன்று மாலையே கடைக்காரருக்கு போன் செய்தேன். இசைக்கருவிக் கடை வைத்திருப்பவர். அண்ணனிடம் மரியாதை உள்ளவர். ஆறு வருடமாக என் தொல்லையைத் தாங்கியவரும்கூட.

"நீங்க வாங்கப்போறதில்லைன்னு எனக்குத் தெரியும் சார்" என்றார். "ஒண்ணு பண்ணுங்க. ஒரு வாரம் வீட்டுல வச்சு வாசிங்க. பிடிச்சா வச்சுக்குங்க. பிடிக்கலையா, கீறல் இல்லாம திருப்பிக் கொடுங்க. எனக்கும் நிம்மதி."

செவ்வாய்க்கிழமை காலை பெட்டி வந்தது. மேசையில் கொள்ளவில்லை. கட்டிலின் கால்மாட்டில் இரண்டு நாற்காலிகள் போட்டு அதன்மேல் வைத்தேன். அன்று மாலை அண்ணி வந்தபோது நான் டேப் வைத்து அளந்துகொண்டிருந்தேன்.

"என்ன தம்பி, கட்டிலை அளக்கிற?"

"சும்மா அண்ணி. எங்க வைக்கிறதுன்னு பார்க்கிறேன்."

"எங்க வைப்ப? உங்கண்ணன் நெஞ்சு மேலயா?"

"வைக்கட்டும்டி. சூடா இருக்குமாம், குளிருக்கு நல்லது" என்றார் அண்ணன்.

அண்ணனுக்கும் அந்தக் கருவி பிடித்திருந்தது என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். முதல் முறை எட்டுக் கட்டைகளையும் பிடித்து ஒரு நீண்ட ஸ்வரக்கூட்டு வாசித்தபோது கண்ணை மூடிக்கொண்டார். "எட்டுப் பேரு ஒண்ணா மூச்சு விடுற மாதிரி இருக்குடா" என்றார். பிறகு தொழில்காரராகிவிட்டார். கேபிளில் நேராக எடுத்தால் சப்பையாக இருக்கும், ஸ்பீக்கரில் விட்டு எதிரே மைக் வைத்து எடு, அப்போதுதான் உடம்பு வரும் என்றார். அது அவருடைய பழைய பிடிவாதம். வாங்குவதா வேண்டாமா என்பதைப் பதிவைக் கேட்டுத்தான் சொல்வாராம்.

மைக் வைத்தால் மிஷினின் உறுமலும் பதிவாகும். கீழே தரைத்தளத்தில் தச்சுப் பட்டறை வேறு. அவர்கள் ரம்பத்தை நிறுத்துவது மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான். ஆக, ஒன்றரையிலிருந்து இரண்டரைக்குள், மிஷினைச் சில நிமிடம் நிறுத்திவிட்டு எடுப்பது என்று முடிவானது. முடிவைச் சொன்னவர் அண்ணன். அசையாமல் உட்கார்ந்திருந்தால் மூன்று நான்கு நிமிடம் தாங்கும் என்று மருத்துவரே சொல்லியிருந்தார். சிலிண்டரைத் திறக்கிறேன் என்றேன். "கரண்ட் போனா எனக்கு அது ஒண்ணுதான்டா இருக்கு. உன் பாட்டுக்காக அதைக் காலி பண்ணாத. கையத் தூக்குறேன், மிஷினைப் போடு" என்றார்.

பிளக்கைப் பிடுங்கினால் அந்த மிஷின் அலறும். சுவிட்சில் நிறுத்தினால் அலறாது. இது உங்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. நான்கு நாள், நான்கு பதிவு. எதுவும் மூன்றரை நிமிடத்தைத் தாண்டவில்லை. கை உயரும். கட்டையை விட்டுவிட்டு ஓடிப்போய் சுவிட்சைப் போடுவேன். அவருக்கு மூச்சு சீராகும்வரை பக்கத்தில் நிற்பேன். நான் வாசித்த பாட்டு ஏழு நிமிடம். ஒரு நாளும் அது முடியவில்லை.

ஸ்டுடியோ ஓடிய காலத்தில் அண்ணனிடம் ஒரு சட்டம் இருந்தது. பாட்டு முடியும் இடத்தில் கையைத் தூக்குவார். கடைசி ஒலி அடங்கி அந்தக் கை இறங்கும்வரை அறையில் எவரும் அசையக்கூடாது. ஒரு முறை வயலின்காரர் ஒருவருக்குத் தொண்டையில் இருமல் வந்து நின்றுவிட்டது. முகம் சிவந்து கண்ணீர் வழிய அடக்கிக்கொண்டு நின்றார். அண்ணன் கையை இறக்கவில்லை. அப்புறம் அவரிடம், "மூச்சை எப்ப வேணா விட்டுக்கலாம். டேக் திரும்பக் கிடைக்காதுய்யா" என்றார். அந்த வயலின்காரரே பல வருடம் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

சனிக்கிழமை ஐந்தாவது பதிவு. ரம்பம் நின்றது. விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் அளவுக் கருவியை வழக்கம்போலக் கழற்றி வைத்தேன். அது பீப் பீப் என்று கத்தும். மிஷினை நிறுத்தினேன். பி பிளாட் போனது. வாசிக்க ஆரம்பித்தேன்.

நான்காவது நிமிடம் தொடங்கும்போது கை உயர்ந்தது. நான் பார்த்தேன். கை இறங்கும்வரை அசையக்கூடாது என்பது அவர் சட்டம். நான் விரல்களைத் தவிர வேறெதையும் அசைக்கவில்லை. கட்டில் கம்பியில் தட்டும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அது தாளத்தில் இல்லை. கை இறங்கியது. மீதிப் பாட்டை வாசித்தேன். கடைசி ஸ்வரக்கூட்டை விட்டபின் ஒலி அடங்கப் பன்னிரண்டு வினாடி ஆகும்படி திருகி வைத்திருந்தேன். பன்னிரண்டும் காத்திருந்தேன். பிறகு எழுந்துபோய் மிஷினைப் போட்டேன், அளவுக் கருவியை விரலில் மாட்டினேன், அண்ணிக்கு போன் செய்தேன்.

இறப்புச் சான்றிதழில் மருத்துவர் நோயின் பெயரையே எழுதிக் கொடுத்தார். என் தோளைத் தட்டினார்.

சட்டத்தைப் பற்றி எழுதியதை என் பக்க நியாயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான்கு நாள் அந்தக் கைக்கு ஓடியவன் நான். அந்தக் கைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

மிஷினை வாடகைக் கம்பெனிக்காரர்கள் மறுவாரமே எடுத்துப்போனார்கள். கட்டிலை அண்ணி யாருக்கோ கொடுத்துவிட்டார். கடைக்காரர் துக்கம் விசாரிக்க வந்தார், பெட்டியைப் பற்றிக் கேட்கக் கூச்சப்பட்டு எழுந்தபோது அண்ணியே, "அது இங்கயே இருக்கட்டும். அவர் கடைசியாக் கேட்டது அதைத்தானே" என்று சொல்லிவிட்டார். கட்டில் இருந்த இடத்தில் அது சரியாகப் பொருந்தியது. செவ்வாய்க்கிழமை எடுத்த அளவு ஒரு விரல்கூடத் தப்பவில்லை.

ஆனால் அந்தப் பதிவு நன்றாக இல்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அண்ணி அதைப் போட்டுக் காட்டுவார். ஒவ்வொரு முறையும் எனக்கு அடியில் ஏதோ இல்லாதது கேட்கும். சுருதி இல்லாமல் வாசித்திருக்கிறேன். இப்போது தினமும் காலையில் பெட்டியைப் போட்டு, சூடேறியதும், பி பிளாட் கட்டையின் இடுக்கில் காகிதத்தை மடித்துச் செருகி வைத்துவிடுகிறேன். மாலை வரை ஒலித்துக்கொண்டிருக்கும். அது ஒலிக்கும்போது விட்டுவிட்டு வெளியே போகவும் முடிவதில்லை. எப்போது சுருதி நகரும் என்று சொல்ல முடியாது, பக்கத்தில் ஆள் இருக்கவேண்டும். நேற்று முன்தினம் அண்ணி அறைவாசலில் நின்று, "ஏன் தம்பி, அதை நிறுத்தேன். அவர் இன்னும் இங்கதான் படுத்திருக்கிற மாதிரி இருக்கு" என்றார். மறுநாள் காலையில் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அண்ணி அதைக் கவனிக்கவில்லை. கம்ப்யூட்டரை எடுத்துப்போன உங்கள் ஆட்களும் பதிவைக் கேட்டுவிட்டு, ரொம்பச் சுத்தமாக இருக்கிறது, அறையின் சத்தமே இல்லை என்று மட்டும் சொன்னார்களாம். கட்டில் கம்பியில் தட்டியது அதில் ஏன் இல்லை என்று நீங்கள் கேட்பீர்கள் என எதிர்பார்த்தேன்.

சனிக்கிழமை நான் மைக்கை எடுக்கவே இல்லை. அது அதன் பெட்டியில் இருந்தது. சிந்தசைசரிலிருந்து கம்ப்யூட்டருக்கு நேராகக் கேபிள் போட்டிருந்தேன். கேபிளில் எடுத்தால் பக்கத்தில் ரயிலே போனாலும் பதிவில் விழாது. வெறும் ஸ்டாண்டை அண்ணன் பார்த்தார். நான் மிஷினிடம் குனிவதையும் பார்த்தார்.

"மைக் எங்கடா?"

"இன்னைக்குக் கேபிள்ல எடுக்கிறேன்ணா."



"அப்ப மிஷின் அது பாட்டுக்கு ஓடட்டுமேடா" என்றார்.

அவர் சொன்னது சரிதான். அதற்குப் பிறகுதான் நிறுத்தினேன்.