மேசைக்கு அடியில் இருந்தவள்

மேடையில் அமர்ந்திருக்கும் ஓவியப் பள்ளி ஆசிரியர்களே, ஒரு காலத்தில் அக்காவின் படங்களில் குழந்தைகளாக இருந்து இன்று வளர்ந்து வந்திருக்கும் அன்பர்களே, வணக்கம்.

நீர்வண்ண ஓவியர், நம் 'ஈரத்தாள் அக்கா' நம்மை விட்டுப் போய்விட்டார். தாளை நனைக்காமல் தூரிகையைத் தொடமாட்டார்; அதனால் வந்த பட்டப்பெயர். இருபத்திரண்டு ஆண்டுகள் அவர் படங்களுக்குக் கண்ணாடியும் சட்டமும் போட்டவன் நான். அரசர்களையா வரைந்தார்? மலைகளையா வரைந்தார்? பல் தேய்க்க அடம்பிடிக்கும் பிள்ளையை வரைந்தார். துவைத்த துணிக் குவியலில் தூங்கிப்போன பிள்ளையை வரைந்தார்.

ஒரு செவிலியர் தன் மகளை வரையச் சொல்லியிருந்தார். படம் என் கடைக்கு வந்தது. சமையலறைத் தரையில் பாத்திரங்களை அடுக்கி விளையாடும் மகள். மேசைக்கு அடியில், முழங்காலைக் கட்டிக்கொண்டு இன்னொரு சிறுமி!

"அக்கா, அந்த வீட்ல ஒரே பொண்ணுதானே?"

"உட்கார்ந்திருந்தா. போட்டேன்" என்றார்.

படத்தைக் கொடுக்க நானும் உடன் போனேன். செவிலியர் மேசைக்கு அடியில் இருந்தவளைச் சுட்டிக் கேட்டார்: "இவளப் பத்தி யாரு சொன்னா உங்களுக்கு?" மூத்த மகளாம். இளையவள் பிறக்கும் முன்பே காய்ச்சலில் போய்விட்டாளாம். ஒரு புகைப்படம்கூட வீட்டில் வைக்கவில்லையாம். "அழிச்சிடுங்க" என்று கெஞ்சினார்.

நான் கண்ணாடியைக் கழற்றினேன்; அக்கா தன் பையைத் திறந்தார். பஞ்சை நனைத்து ஒற்றி எடுத்தார். தாள் வெளுத்தது. காயக் காய அதே முழங்கால், அதே கண்கள்! மறுபடி ஒற்றினார். மறுபடியும் வந்தாள். அப்போது இளையவள் அக்காவின் கையைப் பிடித்தாள்.

"ஆண்ட்டி, அவள ஏன் அழிக்கறீங்க? அவ பயப்படறா."

அந்தத் தாய் அப்படியே தரையில் உட்கார்ந்தார். ஆறு ஆண்டுகளாக வாய்விட்டுச் சொல்லாத பெயரை அன்று சொன்னார். படம் சுவரேறியது.

திரும்பும் வழியில் கேட்டேன்: "உங்களுக்குப் பயமா இல்லையா அக்கா?"

"பயமாத்தான் இருக்கு. அதுக்காக, உட்கார்ந்திருக்கிற பிள்ளைய எழுந்து போன்னா சொல்ல முடியும்?"

நேற்று அவர் அறையைத் திறந்தேன். ஒப்படைக்காத படங்கள் பதினொன்று; ஒவ்வொன்றிலும் யாரும் வரையச் சொல்லாத ஒரு பிள்ளை. பத்துப் படங்களின் பின்னால் முகவரி இருந்தது. பதினொன்றாவதற்கு முகவரி தேவைப்படவில்லை. அது என் வீடு. அக்கா என் வீட்டு வாசலை மிதித்ததே இல்லை! எங்களுக்குப் பிள்ளை இல்லை. பிறக்காமலே போனது ஒன்று உண்டு. அது எனக்கும் என் மனைவிக்கும் மட்டுமே தெரியும். படத்தில் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். நடுவில் மூன்றாவது தட்டு. தலை சீவாத ஒரு பெண் பிள்ளை. அச்சு அசலாக என் மூக்கு.

வீட்டுக்கு எடுத்துப்போனேன்; என் மனைவி கையில் வாங்கிப் பார்த்தாள். "எந்தச் சுவத்துல மாட்டலாம்?" என்றாள்.

அன்பர்களே, மீதிப் பத்துக்கும் நானே கண்ணாடி போடுவேன். நானே கொண்டுவந்து தருவேன். ஒரு முகத்தைக்கூட அழித்துக் கொடுக்க மாட்டேன். இது அக்காவுக்கு நான் தரும் வாக்கு.

அந்த முகவரிகளில் மூன்று, இந்த அரங்கில் அமர்ந்திருப்பவர்களுடையவை. நாளை காலையில் வருகிறேன். கதவைத் திறங்கள்.