வீடு சரி

முதலில் அந்த மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், சார். வியர்த்தால் பரவாயில்லை. தலைக்கு மேல் ஏதாவது சுற்றிக்கொண்டிருந்தால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. எங்கள் வீட்டில் கல்யாணமான புதிதிலேயே எல்லா விசிறிகளையும் கழற்றிவிட்டு மேசை விசிறி வாங்கி வைத்துவிட்டேன். "விசிறியக் கண்டா பயப்படறவ, ஹெலிகாப்டர் ஓட்டறவனக் கட்டிக்கிட்டா" என்று என் கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

நன்றி. இப்போது பேசலாம்.

அவருடைய வேலை உங்களுக்குத் தெரியும். காடு பற்றிக்கொண்டால் ஹெலிகாப்டருக்கு அடியில் பெரிய வாளியைத் தொங்கவிட்டு, ஏரியில் முக்கி எடுத்து, நெருப்பின் மேல் கொட்ட வேண்டும். கேட்பதற்குத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற வேலை மாதிரிதான் இருக்கும். புகையில் கண் தெரியாது. சூட்டில் காற்று தூக்கிப் போடும். மர உச்சிக்கும் அவர்கள் காலுக்கும் நடுவில் ஒரு வீட்டு உயரம்கூட இருக்காது. பன்னிரண்டு வருடம் அவர் அதைச் செய்தார். பன்னிரண்டு வருடமும் நான் சன்னல் திரை எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளராக இருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்தவரிடம் "வலிக்காது" என்று சொல்வது என் வேலையில் பாதி. வாய் அதைச் சொல்லும், கை கருவியை எடுத்துக் கொடுக்கும், கண் மட்டும் சன்னலில் இருக்கும். ஒரு நாள்கூட யாருக்கும் தவறான கருவியை எடுத்துக் கொடுத்ததில்லை.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கிளப்புவதற்கு முன்னால் முன் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் மூன்று கேள்வி கேட்க வேண்டும். தூக்கம்? உடம்பு? வீடு? மூன்றுக்கும் "சரி" என்று பதில் வந்தால்தான் இயந்திரத்தைத் தொடலாம். ஒன்றுக்கு இல்லை என்றாலும் அன்றைக்கு அந்த ஆள் தரையில்தான். வீடு என்றால் என்ன என்று புதிதில் அவரிடம் கேட்டேன். "பொண்டாட்டியோட சண்ட போட்டுட்டு வந்தவன் மேல போகக் கூடாது. ஆளு மேல போவான், மனசு கீழயே நின்னுடும்" என்றார். எனக்கு அந்த வழக்கம் மிகவும் பிடித்திருந்தது. ஒரு பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் ஒரு ஹெலிகாப்டரையே நிறுத்தலாம் என்றால் சும்மாவா?

நிறுத்திப் பார்த்தேன். அவர் கிளம்புகிற காலையாகப் பார்த்து ஏதாவது ஒன்றை ஆரம்பிப்பேன். ஈரத்துண்டு, பால் பாக்கெட், அவருடைய தங்கை சொன்ன ஏதோ ஒரு பேச்சு. அவர் காலணியை மாட்டிக்கொண்டு போய்விடுவார். கடைசியில் மொட்டை அண்ணன்தான் என்னிடம் உண்மையைச் சொன்னார். என் கணவருடன் பறப்பவர். தலை நிறையச் சுருட்டை முடி. எப்போதோ பந்தயத்தில் தோற்று மழித்துக்கொண்டதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. எங்கள் வீட்டுக் குழாய் ஒழுகினால் அவர்தான் வந்து மாற்றுவார். அன்றும் குழாயடியில் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னார். "தங்கச்சி, நீ தட்டுமுட்டெல்லாம் தூக்கி எறிஞ்சாலும் அவன் வீடு சரின்னுதான் சொல்லுவான். நானும் அப்படித்தான் சொல்லுவேன். உண்மையச் சொன்னா பறக்க எவன் மிஞ்சுவான்?"

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை நான் மறைக்க விரும்பவில்லை. அந்த மூன்றாவது கேள்வியில் இருந்தது நான். பன்னிரண்டு வருடமாக என்னைப் பற்றி ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு மேலே போய்க்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு அந்த வண்டி வந்தது. எங்கள் குடியிருப்பில் இருக்கிற பெண்களுக்கு அந்த வண்டி என்றால் என்னவென்று தெரியும். அலுவலகத்து வெள்ளை வண்டி, உள்ளே இஸ்திரி போட்ட சட்டையோடு இரண்டு பேர், மெதுவாகத்தான் வரும். யார் வீட்டு வாசலில் நிற்கிறதோ அந்த வீட்டுக்காரர் இனி வர மாட்டார். அன்று எல்லாக் கதவும் திறந்திருந்தது. வண்டி எங்கள் வாசலைத் தாண்டி, கோடி வீட்டில் போய் நின்றது. அவள் அலறுகிற சத்தம் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, சார். உள்ளே போய்ப் படுக்கை விரிப்பை உதறினேன், அடுப்பைத் துடைத்தேன், மறுபடி விரிப்பை உதறினேன். அந்தச் சந்தோஷம் போகவே இல்லை. அடுத்தவள் தாலியறுவதில் சந்தோஷப்படுகிற மாதிரி ஒருத்தியாக நான் ஆகக் கூடாது என்றுதான் முடிவு செய்தேன்.

மாமியார் கடைசிக் காலத்தில் எங்களோடுதான் இருந்தார். இரவெல்லாம் எழுந்து நடப்பார் என்று மருத்துவர் ஒரு மாத்திரை கொடுத்திருந்தார். போட்டுக்கொண்டால் தலை கிறுகிறுக்கும், எழுந்து நிற்க முடியாது. அவர் போன பிறகும் மாத்திரை அலமாரியில் இருந்தது. நான் எதையும் வீணாக்குகிறவள் இல்லை. இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து அழுத்தினால் மாவாகிவிடும். என் கணவர் சர்க்கரை போடாத காபி குடிக்கிறவர், கசப்பு தெரியாது. வருடாந்தர மருத்துவப் பரிசோதனை வரப்போகிறது. தலைசுற்றல் என்று எழுதிவிட்டால் அவரைத் தரையில் உட்கார வைத்துவிடுவார்கள், புதியவர்களுக்குப் பாடம் எடுப்பார், சாயங்காலம் வீட்டுக்கு வருவார். அவ்வளவுதான் என் திட்டம். விடுமுறை நாளில் மட்டும்தான் கொடுப்பேன். பறக்கிற நாளில் கொடுக்க நான் என்ன பைத்தியமா?

பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லிவிட்டார்கள். காபி கிடையாது. அதற்கு முன்னாலும் சில நாள் அவர் முகாமில் இருந்தார். எல்லாம் பிரமாதமாக இருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இதை நான் யோசிக்கவில்லை. இன்னொன்றையும் யோசிக்கவில்லை. எங்களவர்களுக்கு நெருப்பைவிட டாக்டரிடம்தான் பயம். தலைசுற்றலை அவர் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொன்னார். "மொட்டைக்குத் தெரிய வேணாம்டி. சத்தியம் பண்ணு" என்றார். பண்ணினேன்.

அப்போதே நிறுத்தியிருக்கலாம். உங்கள் முகத்தில் அது தெரிகிறது. ஆனால் அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. குளியலறையிலிருந்து கட்டில்வரை அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பன்னிரண்டு வருடமும் வீட்டுக்கு வந்தால் தூங்குவார், விழித்தால் போனைப் பார்ப்பார், கரண்டியைச் சுழற்றிக்கொண்டே இருப்பார். ஏதோ ரயில் வரும்வரை காத்திருக்கிறவர்போல என் வீட்டில் உட்கார்ந்திருப்பார். அந்த மனிதர் என் தோளில் முழு கனத்தையும் போட்டு, "நீ இல்லேன்னா நான் என்னடி பண்ணுவேன்" என்று கேட்டார். அன்றிரவு நான் சன்னல் திரையைப் பார்க்கவில்லை. காற்று அடித்ததா இல்லையா என்றே எனக்குத் தெரியாது.

அந்த நாளைப் பற்றிச் சொல்கிறேன். அது விடுமுறை நாள். காபி கொடுத்தேன், குடித்துவிட்டார். பிறகு போன் வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் தீ, ஆள் போதவில்லை, உடனே வா. மொட்டை அண்ணன் தன் வண்டியிலேயே வந்துவிட்டார். இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு காலணி மாட்டினார். அண்ணன் அதைப் பார்த்தார். என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு, "தங்கச்சி, ஆளு ஒரு மாதிரி இருக்கானே. ஒடம்புக்கு ஏதாச்சும்?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருக்காருண்ணே. இப்பதான் காபி குடிச்சாரு" என்றேன்.

தலைசுற்றல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சத்தியம் செய்திருந்தேனே, சார். புருஷனுக்குச் செய்த சத்தியத்தை வாசலில் வைத்து உடைப்பதா? சரி, அது மட்டும் இல்லை. சொன்னால் அன்றைக்கே மருத்துவமனை, ரத்தம் எடுப்பார்கள், காபியில் என்ன இருந்தது என்று தெரிந்துவிடும். சொல்லியிருந்தால் அவர் அன்றைக்குப் போயிருக்க மாட்டார். அதன் பிறகு வீட்டுக்கும் வந்திருக்க மாட்டார்.

ஏரிக்கு மேலே ஹெலிகாப்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. நேராக்க வேண்டியவருக்கு எது நேர் என்று தெரியவில்லை. மொட்டை அண்ணன் உட்கார்ந்திருந்த பக்கம் கரைப் பாறையில் மோதியது. மருத்துவமனையில் அண்ணி என் மடியில்தான் படுத்துக் கிடந்தார். தலையைத் தடவிக்கொண்டே, "வலி தெரிஞ்சிருக்காது அண்ணி" என்றேன். எனக்குச் சொல்லத் தெரிந்தது அதுதான். வெள்ளை வண்டி அன்று குடியிருப்புக்கு வந்தபோது நான் வீட்டில் இல்லை.

ஹெலிகாப்டரில் பதிவான பேச்சை நேற்று போட்டுக் காட்டினீர்கள். இன்னொரு முறை கேட்க முடியுமா? பரவாயில்லை, எனக்கு மனப்பாடம். அண்ணன் கேட்கிறார், "தூக்கம்?" இவர், "சரி." "உடம்பு?" "சரி." "வீடு?" அங்கே இவர் சிரிக்கிறார். "இப்ப அது ஒண்ணுதாண்டா நெஜமாவே சரியா இருக்கு" என்கிறார்.

கேட்டீர்களா? பன்னிரண்டு வருடத்தில் அன்றைக்குத்தான் அந்தப் பதில் பொய்யில்லை. நான் சம்பாதித்த பதில் அது. நீங்கள் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், அதை மட்டும் அடித்துவிடாதீர்கள்.

எப்போது நிறுத்தினீர்கள் என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். நிறுத்தினேன் என்று நான் எங்கே சொன்னேன்? அவருக்கு முறிந்த கால் கூடிவிட்டது, சார். எலும்பு டாக்டர் நடக்கலாம் என்கிறார். தலை ஏன் இன்னும் சுற்றுகிறது என்று அவருக்குப் புரியவில்லை. நடந்தால் இவர் எங்கே போவார் என்று எனக்குத்தான் தெரியும். முதலில் அண்ணன் வீட்டுக்குப் போய் அழுவார், பிறகு மறுபடி பறக்கக் கேட்பார். இப்போது குளியலறைக்கு என்னைக் கூப்பிடுகிறார், பால்கனிக்கு என்னைக் கூப்பிடுகிறார். இங்கே இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கத்தான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவைத் துணைக்கு வைத்துவிட்டு வந்திருக்கிறேன். சாயங்காலக் காபியை ஃபிளாஸ்கில் கலந்து வைத்துவிட்டேன். நேரமானால் ஊற்றிக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அக்கா எதையும் மறக்கிறவர் இல்லை, இந்நேரம் கொடுத்திருப்பார்.

நீங்கள் போனை எடுக்கிறீர்கள். எடுங்கள், நான் தடுக்கவில்லை. அவர்தான் பேசுவார். நான் எங்கே என்று கேட்டால் வந்துகொண்டிருப்பதாகச் சொல்லுங்கள். வீடு சரி என்று சொல்லுங்கள்.