ஐந்து மில்லி ரத்தம்

இரவு இரண்டேகால். ஆஸ்பத்திரியின் பின்வாசலில் இருந்து அவள் அறை வரைக்கும் ஒரே சாலை. இடது பக்கம் நீளமாக மதில். வலது பக்கம் வெற்று மனைகள். ஒரு விளக்குக் கம்பத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே கெட்டி இருட்டு... அதில் நடக்கும்போது தன் செருப்புச் சத்தமே வேறு யாருடையதோ போலக் கேட்கும்.

கொஞ்சம் நெருக்கி உட்காருங்கள். கரண்ட் வரும்போது வரட்டும். இது யாரோ எங்கேயோ சொன்ன கதை இல்லை. என் பக்கத்து அறைத் தோழியின் பெரியம்மா மகளுக்கு நடந்தது.

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் 'லேப் பொண்ணு' என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்தம் எடுப்பாள், குழாயில் லேபிள் ஒட்டுவாள், இரண்டு மணிக்கு வேலை முடிந்தால் தனியாக நடந்து வந்து தனியாகச் சாப்பிட்டுத் தூங்குவாள். வேலை நிரந்தரமில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டால் உண்டு, இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அவள் வீட்டில் அவளுக்கு முன்னால் கல்லூரி வாசலை மிதித்தவர் யாரும் கிடையாது. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மேலே இருப்பவர் ஒன்று சொன்னால் கை முதலில் நகரும். மூளை அப்புறம்தான் வந்து சேரும்.

ஒரு நாள் ராத்திரி அந்தச் சாலையில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ரொட்டிக்கடையில் வேலை பார்ப்பவர். ராத்திரி அடுப்பு வேலை முடித்து, சூடு ஆறாத பன் நான்கைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் வீடு திரும்பியவர். இன்னொருவன் பெரிய இடத்துப் பிள்ளை. முட்ட முட்டக் குடித்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் இல்லடா, ஸ்டெடியா இருக்கேன் பாரு" என்று நண்பன் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு காரை எடுத்தவன். மோதினான். நிறுத்தவில்லை. அடுத்த கம்பத்தில் போய் இடித்த பிறகுதான் கார் நின்றது.

இருவரையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பிள்ளைக்கு நெற்றியில் இரண்டு தையல். ரொட்டிக்கடைக்காரருக்கு ஒரு வெள்ளைத் துணி.

ஓட்டியவனின் ரத்தத்தில் மது எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொல்லிக் காவல் நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. அதற்கென்று சாம்பல் நிற மூடி போட்ட குழாய் தனியாக உண்டு. ஸ்பிரிட் பஞ்சால் தோலைத் துடைக்கக் கூடாது, கணக்குத் தப்பிவிடும். சோப்புத் தண்ணீரால் துடைத்துத்தான் குத்த வேண்டும். எல்லாம் முறைப்படி செய்தாள். எடுத்தாள். லேபிளில் அவன் பெயரை எழுதி ஒட்டினாள்.

பெரிய டாக்டர் உள்ளே வந்தார். காதில் ஃபோன். "சரிங்க... சரிங்க... நான் பாத்துக்கறேன்." ஃபோனை வைத்தார். கதவைச் சாத்தினார்.

"ஏம்மா, உனக்குக் குடிக்கிற பழக்கம் உண்டா?"

"ஐயோ, என்ன சார் கேக்கறீங்க?"

"பீர், ஒயின்... ஃப்ரெண்ட்ஸோட எப்பவாவது?"

"அந்த வாடையே ஆகாது சார்."

"நல்ல பொண்ணு." நாற்காலியை இழுத்துப் போட்டார். "அப்ப கையை நீட்டு."

அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியபோது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"என் கையையே நீட்டிருப்பேன்மா. ராத்திரி சாப்பாட்டுல ரெண்டு ரவுண்டு உள்ள போயிடுச்சு." சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

"சார், அது ஆம்பள ரத்தம்..."

"ரத்தத்துல மீசையா இருக்கு? அவங்க பாக்கப் போறது ஒண்ணே ஒண்ணுதான். ஆமா... அடுத்த மாசம்தானே உன் ஆர்டர் என் டேபிளுக்கு வருது?"

கை நீண்டது. மூளை இன்னும் வந்து சேரவில்லை.

தன் நரம்பில் தானே குத்தினாள். ஐந்து மில்லி. அவன் குழாயிலிருந்த லேபிளை நகத்தால் பொறுமையாக உரித்துத் தன் குழாயில் ஒட்டினாள். அவன் ரத்தத்தை டாக்டரே கை கழுவும் தொட்டியில் ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. மது இல்லை. ஒழுக்கமான பிள்ளை, இருட்டில் தெரியாமல் நடந்துவிட்டது. சைக்கிளில் பின்விளக்கு இல்லையாம். தப்பு செத்தவர் பேரில்.

ரிப்போர்ட் வந்த அன்று ராத்திரிதான் முதல் தடவை.

பாதிச் சாலை வந்திருப்பாள். பின்னால்... டிக்... டிக்... டிக்... மிதிக்காமல் விட்டால் சைக்கிளின் பின்சக்கரத்தில் வருமே, அந்தச் சத்தம். யாரோ வேலை முடிந்து போகிறார்கள் என்று ஓரமாக ஒதுங்கி வழி விட்டாள். கடந்து போகவில்லை. அவள் நின்றாள். சத்தமும் நின்றது. திரும்பினாள்.

காலிச் சாலை. கம்பத்து வெளிச்சத்தில் பூச்சிகள். அப்புறம்... வாசனை. இப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியின் வாசனை. அவ்வளவு அருகில், அவ்வளவு சூடாக.

யாரது சிரிக்கிறது? சிரியுங்கள். ரொட்டிக்குப் பயப்படுகிறோமே என்று அவளும் அன்றைக்குச் சிரித்துக்கொண்டேதான் அறைக்குப் போனாள்.

மூன்றாம் நாள் குரல் வந்தது. காதுக்குப் பக்கத்தில்.

"நிறுத்திப் பாத்திருக்கலாமேம்மா."

கோபமே இல்லாத குரல். பஸ்ஸில் காலை மிதித்தவரிடம் சொல்வதுபோல அத்தனை மரியாதை. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"நான் இல்லண்ணே... நான் ஓட்டல. எனக்கு ஓட்டவே தெரியாதுண்ணே."

சக்கரம் மட்டும் டிக்... டிக்...

"ரத்தம் உன்னுதுதானே?"

ஓடினாள்.

தாள் பொய் சொல்லும் என்று செத்தவருக்கு யார் போய்ச் சொல்வது? படித்தவர்கள் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று கடைசிவரை நம்பிய மனிதர் அவர். ஓட்டியவனின் ரத்தம் என்று தாளில் எழுதியிருக்கிறது. அந்த ரத்தம் ஓடுகிற உடம்பைத் தேடி வந்துவிட்டார். நெற்றித் தையல் பிரித்த பிள்ளை எங்கோ ஏசி அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவன் வாசலுக்கு ஒரு சைக்கிளும் போகவில்லை.

அதற்கப்புறம் தினமும். அதே இடம், அதே கேள்வி. அறைக்குள் வந்து தாழ் போட்டால் வேறொன்று. தலை வாரினால் சீப்பிலிருந்து ஏதோ உதிரும்... உப்புக்கல் மாதிரி, சின்னச் சின்னதாக, கார்க் கண்ணாடித் துண்டுகள். எத்தனை முறை பல் தேய்த்தாலும் நாக்கில் புளித்த கசப்பு. தூக்கத்தில் வலது கால் விறைத்துக்கொண்டு எதையோ மிதிக்கும்.

யாரிடம் சொல்வாள்? அம்மா ஃபோனில், "சாப்பிட்டியா? குரல் ஏன்டி ஒரு மாதிரி இருக்கு?" என்பாள். "சளிம்மா" என்பாள் இவள். அம்மா வைத்த பிறகும் ஃபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

சாப்பாட்டு அறையில் அவள் பக்கத்து நாற்காலி காலியாகிக்கொண்டே வந்தது. ஒரு நர்ஸ் இன்னொருத்தியிடம் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. "லேப் பொண்ணு தண்ணி போட ஆரம்பிச்சிட்டா போல. கிட்ட போனாலே குப்புன்னு வருது." "லவ் ஃபெயிலியரா இருக்கும்டி, பாவம்."

பெரிய டாக்டரிடம் போனாள். "சார், உண்மையச் சொல்லிடலாம் சார்."

"சொல்லேன். யாரு தடுத்தா? குத்தினது யாரு, நானா? லேபிள் ஒட்டினது யாரு, நானா?" கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "முதல்ல போய் வாயைக் கொப்புளிச்சிட்டு வா."

நாற்பதாவது நாள். இரண்டு மணிக்கு வேலை முடிந்தது. பின்வாசல் வரை வந்தாள். இருட்டுக்குள் சக்கரம் காத்துக்கொண்டிருந்தது... டிக்... டிக்... அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. முன்வாசல் வழியாக வெளியே வந்து நேராகக் காவல் நிலையத்துக்கு நடந்தாள். வேலை போகட்டும். ஜெயில்கூடப் பரவாயில்லை. அவள் ஓட்டவில்லை என்று யாராவது ஒரு மனிதர் சத்தமாகச் சொல்ல வேண்டும். அது அந்தச் சாலையில் நிற்பவருக்கும் கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

அதிகாரி நல்ல மனிதர். "உக்காரும்மா" என்றார். ஒரு தாள் முழுக்க எழுதிக் கொடுத்தாள். படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது. "இந்த ரிப்போர்ட்டை நான் அன்னைக்கே நம்பலம்மா" என்று நிமிர்ந்தவர்... மூக்கைச் சுளித்தார்.

"குடிச்சிருக்கியா?"

"சத்தியமா இல்ல சார்."

மேசை இழுப்பறையிலிருந்து ஊதிப் பார்க்கும் கருவியை எடுத்து நீட்டினார். ஊதினாள். நீளமாகக் கூவியது அது.

"அனுமதிச்ச அளவைப் போல ஏழு மடங்கும்மா. நீ நிக்கறதே அதிசயம்." தாளை மடித்து ஓரமாக வைத்துவிட்டார்.

வாசலில் நின்ற காவலர் சிரித்தார். "ரத்தமும் இவளுது, வாடையும் இவளுது. காரையும் இவதான் ஓட்டிருப்பா சார்!"

அந்த வார்த்தையில் அவளுக்குள் ஏதோ அறுந்தது. நாற்பது நாளாகத் தொண்டையில் நின்றதெல்லாம் சேர்ந்து வெளியே வந்தது.

"நான் ஓட்டினேனா? என் உயரத்தைப் பாருங்க! லேப் மேசைக்கே ஸ்டூல் போட்டு நிக்கிறவ நான். அவன் ஆறடி. அந்த சீட்டுல உக்காந்தா என் கால் எட்டுமா? கார் இங்கதானே நிக்குது? வாங்க. இப்பவே வாங்க. உக்காந்து காட்டறேன்!"

காவலர் சிரிப்பை நிறுத்தினார். "அது வாஸ்தவம்தான் சார். அவனை சீட்டுல இருந்து உருவி எடுத்தது நான்தானே. சீட்டு பின்னால கடைசி வரைக்கும் தள்ளிக் கிடந்துச்சு."

அதிகாரி அவளைப் பார்த்தார். மடித்த தாளைப் பார்த்தார். சாவியையும் டார்ச்சையும் எடுத்தார்.

நிலையத்தின் பின்புறம் கார் நின்றது. முன்கண்ணாடி இல்லை. கதவில் விபத்தன்று ராத்திரி அதிகாரியே கையெழுத்துப் போட்டு ஒட்டிய காகிதச் சீல், கிழியாமல் அப்படியே இருந்தது. அவரே கிழித்தார். கதவு முனகிக்கொண்டு திறந்தது.

அடுத்தவர் கார் அல்லவா... பழக்கத்தில் செருப்பை வெளியே கழற்றிவிட்டு ஏறினாள். உட்கார்ந்தாள்.

"பாருங்க சார், கால் எங்க..."

வாக்கியம் முடியவில்லை.

முதுகு சீட்டில் ஒட்டியிருந்தது. பிரேக்கைத்தான் தேடினாள். வலது பாதம் தானாகப் போய் அதற்குப் பக்கத்தில் இருந்த ஆக்சிலேட்டர் மிதியின் மேல் முழுசாகப் படிந்தது. மேலே, சின்னக் கண்ணாடியில், நேருக்கு நேராக அவள் கண்கள்.

எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"பின்னால இருந்துச்சு சார்..." காவலர் குனிந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டார். நெம்புகோலை இழுத்தார். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். உள்ளங்கை முழுக்கத் துருவோடு எழுந்தார். "இது நகந்து பல வருஷம் ஆயிருக்கும் சார்."

"புதுக் கார்யா," என்றார் அதிகாரி. குரல் மிகவும் தணிந்திருந்தது. "வாங்கி மூணு மாசம்கூட ஆகல."

அவள் பக்கம் திரும்பினார். "இறங்கும்மா... நீ முதல்ல இறங்கு."

காலை எடுத்தாள். டார்ச் வெளிச்சம் கீழே விழுந்தது.

மிதியின் கறுப்பு ரப்பர் தேய்ந்து குழிந்திருந்தது. தினமும் வெறுங்காலால் மிதித்து மிதித்துத் தேய்ந்த குழி. சின்னப் பாதம். ஐந்து விரல்களும் தனித்தனியாகத் தெரிந்தன.