தண்டிலிருந்து இறங்காத பால்

– டம்ளரைக் கீழ வைக்காதேடி. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடி. வெட்டின தண்டுலேர்ந்து வெள்ளையா நூல் எறங்குதா?

– இல்லக்கா. தண்ணி தெளிவாத்தான் இருக்கு.

– எறங்கும், எறங்கும். என் தக்காளித் தண்டைத் தண்ணியில வெச்சதும் உள்ள இருந்த கிருமி பாலாக் கொட்டிச்சே! வாடல் கிருமி உன் செடியைக் கண்டா மட்டும் பயந்து ஓடிடுமா?

– காலையிலேர்ந்து இதையேதான் சொல்லிட்டிருக்கே.

– வயிறு எரியுதுடி, வேற என்ன சொல்ல? நீ உருவாக்கினது, நான் உருவாக்கினது, ரெண்டு ரகமும் ஒரே தாய்ச்செடி வழி. இலையிலகூட வித்தியாசம் கெடையாது. ஒரே பசுமைக்கூடம், ஒரே மண்ணு, எது தாங்குதுன்னு பாக்க ஒண்ணாத்தான் கிருமித் தண்ணி ஊத்தினோம். என் வரிசை பச்சையாவே தலை தொங்கிப் போச்சு. உன்னோடது காய் புடிச்சுக்கிட்டு ஜம்முனு நிக்குது.

– விடேன்க்கா.

– எப்படி விடுவேன்? கல்யாணத்தைக்கூட தள்ளிப் போட்டுட்டு இந்த ரகத்துக்காக மகரந்தம் தடவிக்கிட்டுக் கெடந்தவ நான். நாளைக்கு ஆராய்ச்சி நிலைய இயக்குநர் வந்து, பொழைச்ச ரகத்தை உன் பேர்ல வெளியிடுவார். அம்மா உடனே, ‘சின்னவளுக்குக் கைராசி’ம்பா. நான் பல்லைக் காட்டிக்கிட்டுக் கை தட்டணும்.

– அக்கா, நான் ஒண்ணு சொல்லணும்.

– மொதல்ல நான் சொல்லிடறேன். போன வாரம் உன் வரிசைக்கு இன்னொரு தடவை கிருமித் தண்ணி ஊத்தினேன். வேரைக் கீறிவிட்டு, நல்லா கெட்டியா.

– அக்கா!

– மொறைக்காதே. சாகட்டும்னுதான் ஊத்தினேன். அசையலயேடி! எவ்வளவு ஊத்தினாலும் தாங்கும்னு எனக்கே நான் நிரூபிச்சுக்கிட்டேன், பாரு. சத்தியமா சொல்றேன், இப்படி ஒரு செடியை இந்த ஜென்மத்துல என்னால உருவாக்க முடியாது. நீ கெட்டிக்காரிடி. போதுமா? ஏய், நீ ஏன் அழறே? நியாயமா நான்ல அழணும்?

– நடறதுக்கு முன்னாடி, உன் நாத்துல நாலஞ்சைத் திருடிட்டுப் போய் கிருமித் தண்ணி ஊத்திப் பாத்தேன்க்கா. ஒண்ணுகூட வாடல. என் நாத்துலயும் நாலஞ்சுக்கு ஊத்தினேன், அது மொத்தமும் செத்துப் போச்சு.

– என்னடி உளர்றே? இங்க செத்தது என்னோடதுதானே?

– வயிறு உனக்கு மட்டுமா எரியும்? நாத்து ட்ரே ரெண்டையும் மாத்தி வெச்சுட்டேன். நீ கொல்லப் பாத்தது உன் செடியைத்தான்க்கா.