நாடகத்தில் அழுதவர்

பிரிந்துபோன காதலர்கள் பல வருடம் கழித்துச் சந்திக்கும் அந்தப் பழைய நாடகத்தைச் சேலத்தில் மறுபடி போட்டிருந்தார்கள். மறுநாள் காலை சங்ககிரி பஸ்ஸில், அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிய நடுவயதுத் தம்பதி என் முன் சீட்டில் இருந்தார்கள்.

“ஏனுங்க, காதலியா நடிச்ச அந்தம்மா சன்னல் வழியா ஓடிப்போறதாக் காட்டுனாங்களே, அது இருக்கற இருப்புக்குக் கதவே பத்தாதுங்களே?” என்றாள் மனைவி.

“முன்னால போட்டப்பவும் அந்தம்மாதான் நடிச்சுது புள்ள. அப்ப ஒல்லியா இருந்துச்சு.”

“அந்தாளு மட்டும் என்னவாம்? மண்டி போட்டு அழுதவனைத் தூக்கிவிட ரெண்டாளு வேண்டியிருந்துச்சு. சனமெல்லாம் சிரிக்குது, நீங்க மட்டும் துண்டை மூஞ்சில வெச்சுட்டு அழுவுறீங்க.”

“கண்ணுல தூசி புள்ள.”

“அந்தத் தூசிக்குப் பேரென்னங்க?”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, “மரகதம்” என்றார். “நம்ம கண்ணாலத்துக்கு முன்னாடி. மேட்டூர்ல கட்டிக் குடுத்துட்டாங்க.”

“இப்ப நல்லா இருக்குதுங்களா?”

“தெரியல புள்ள. யாருகிட்டப் போயிக் கேக்கறது?”

மனைவி சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள்.

“மேட்டூரு டேம் பாக்கோணும்னு கண்ணாலமான நாள்லருந்து கேக்கறேன். கூட்டிட்டுப் போகாததுக்கு இதுதான் காரணமுங்களா?”

அவர் மறுபடி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“வர்ற ஞாயித்துக்கெழம போலாமுங்க. நீங்க மரகதத்தைப் பாருங்க, நான் டேமைப் பாக்கறேன்.”