யோசிக்க ஒரு நிமிஷம்

— நிறுத்து ரோரி. மறுபடியும் 'ச'வை முழுங்கிட்டே. 'சத்தம்'னு சொல்லு.

— சத்தம்.

— 'தத்தம்'னு விழுது. நாளைக்கு இன்டர்வியூல அந்த மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சுக்குவாங்க. கெயில், உனக்கு என்ன கேட்டுச்சு, சொல்லு.

— என்னை ஏன்டி இழுக்கறே? நம்ம பார்லரை மூடிட்டு, தங்கச்சி வீட்ல ஒரு வேளை சாப்பிடலாம்னு வந்தேன். உருளைக்கிழங்கு உரிக்கச் சொன்னே, உரிக்கறேன். எனக்கு என்ன வந்தது?

— பார்த்தியா ரோரி, உன் மனசு நோகக் கூடாதுன்னு எங்க அக்கா மழுப்பறா. நான் மழுப்ப மாட்டேன். கட்டினவ சொல்லாம வேற யார் சொல்லுவா?

— சொல்லு. ஆனா முகத்தை நேரா வெச்சுச் சொல்லு லோர்னா. மெஷினைக் கழட்டி மேசை மேல வெச்சிருக்கேன், மறந்துடாதே.

— அதான் ஏன்னு கேட்கறேன். நாளைக்குக் காலையில இன்டர்வியூ. இப்பப் போய் காது மெஷின் இல்லாம எதுக்கு இந்த விஷப்பரீட்சை?

— அதாவது, நடுவுல பேட்டரி போச்சுன்னா? கம்ப்யூட்டர்ல சத்தம் உடைஞ்சு வந்துச்சுன்னா? போன வருஷம் மாதிரி கேப்ஷன் வராமப் போச்சுன்னா? உதட்டைப் பார்த்தே சமாளிக்கப் பழகிக்கணும். இந்தத் தடவை வரும்தான். நீதான் எழுதிக் கேட்டுட்டியே. இருந்தாலும்.

— கேட்டுட்டேன் செல்லம். ரெண்டு தடவை கேட்டுட்டேன். அவங்க பேசறது பூரா திரையில எழுத்தா ஓடும். நீ வாசிச்சுட்டுப் பதில் சொன்னா போதும். சரி சரி, முதல் கேள்வி. மிஸ்டர் டிக்சன், காதுச் சோதனை பண்ற ஆடியாலஜி பிரிவுல விஞ்ஞானியாப் பயிற்சி எடுக்க ஏன் ஆசைப்படறீங்க? யோசிக்க ஒரு நிமிஷம்.

— பாயிண்ட்டை லேப்டாப்ல அடிச்சுக்கறேன். அங்கயும் அனுமதி உண்டு.

— அடிச்சுக்கோ. கெயில், அந்த கேரட்டை இப்படிக் கொண்டா. ரெண்டு பேரும் சேர்ந்து கழுவிடலாம்.

— ஏன்டி இப்படிப் போட்டுக் குத்தறே அவனை? நாக்கு புரளலைன்னா அவன் என்ன பண்ணுவான்?

— பயிற்சி.

— மெதுவாப் பேசு. பக்கத்துலதானே உட்கார்ந்திருக்கான்.

— எதுக்கு மெதுவா? சிங்க்கைப் பார்த்துத் திரும்பி நின்னுட்டா போதும். உதடு தெரியலைன்னா நாம ரெண்டு பேரும் அவனுக்கு ஒரு சுவரு. வேடிக்கை பார்க்கறியா? ரோரி! உன் சட்டையில தீப்பிடிச்சிருச்சு! எரியுதுடா!

— ஐயோ, என்னடி இது!

— திரும்பினானா? எங்கயோ பார்த்துக்கிட்டுத் தட்டிக்கிட்டே இருக்கான் பாரு. கோவம் வந்தா எனக்கு இதான் மருந்து. பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே, வாயில வந்ததெல்லாம் சொல்லித் தீர்த்துடுவேன். 'மரமே, கட்டையே, உன்னைக் கட்டிக்கிட்டு நான் என்ன சுகத்தைக் கண்டேன்'னு. அப்புறம் திரும்பி, 'டீ வேணுமா செல்லம்'னு கேட்பேன். 'ரொம்ப நன்றி'ம்பான்.

— சிரிக்க வைக்காதே. பாவம்டி.

— லோர்னா, நிமிஷம் ஆச்சு. ஆரம்பிக்கவா?

— ஆரம்பி செல்லம்.

— எனக்கு அப்போ நாலு வயசு. மந்தபுத்தின்னு பள்ளிக்கூடத்துல ஒதுக்கி வெச்சிருந்தாங்க. கார்லைல் ஆஸ்பத்திரியில ஒரு அம்மா என் காதைச் சோதிச்சுப் பார்த்துட்டு மெஷின் மாட்டிவிட்டாங்க. வெளியில வந்து நடந்தேன். ரெண்டு அடி வெச்சதும் நின்னுட்டு அழுதேன். ஷூ கெட்டுப் போச்சு, சத்தம் போடுதுன்னு. அதாவது, ஷூ சத்தம் போடும்னே எனக்குத் தெரியாது. அந்த அம்மா சிரிக்கல. கீழ உட்கார்ந்து, அவங்க ஷூவையும் தரையில தட்டிக் காட்டினாங்க. இப்ப நான் அதே பிரிவுல உதவியாளரா, வயசானவங்க மெஷினைச் சுத்தம் பண்ணித் தர்றேன். அந்த அம்மா செஞ்ச வேலையைச் செய்யணும்னு ஆசை. இவ்வளவு தூரம் வந்ததுக்கு என் மனைவி காரணம். எனக்காக போன் பேசறது, எழுதறது எல்லாம் அவங்கதான்.

— ஆண்டவரே. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு ரோரி.

— நீ சும்மா இரு கெயில். ரோரி, என்னைப் பாரு. இது பிச்சை கேட்கற பதில். 'நான் செவிடன், கொஞ்சம் பார்த்துப் போடுங்க'ன்னு கேட்கற மாதிரி இருக்கு. அவங்களுக்கு வேண்டியது விஞ்ஞானி, ஷூவைப் பார்த்து அழற குழந்தை இல்ல. அதோட கத்தறே. உன் சத்தம் உனக்குத் தெரியல. எந்த நோயாளி உன் முன்னால வந்து உட்காருவான்?

— என் நோயாளிங்களும் கத்தறவங்கதான் லோர்னா.

— வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. சரி சரி, அடுத்தது. பிறந்த குழந்தை. காதுச் சோதனையில தேறல. 'என் குழந்தைக்கு ஒண்ணுமில்ல, உங்க மெஷின்தான் கோளாறு'ன்னு அம்மா சண்டைக்கு வர்றா. அவகிட்ட எப்படிப் பேசுவீங்க? ஒரு நிமிஷம். கெயில், இப்ப சொல்லு, அழுதுட்டியா நிஜமாவே?

— அவன் ஜெயிச்சுடுவான் போலிருக்கே லோர்னா. நியூகாசில்லதானே போஸ்ட்? மூணு வருஷம் அங்கதான் இருக்கணும்ங்கறான். நீ போயிட்டா பார்லரை நான் ஒருத்தி என்ன பண்றது?

— நான் எங்கயும் போகல.

— அவன் போனா நீயும் போய்த்தானே ஆகணும்?

— அவனும் போகல. கேப்ஷன் வராது நாளைக்கு.

— நீதானே எழுதிக் கேட்டே?

— கேட்டேன். அதுக்கப்புறம் இன்னொண்ணும் எழுதினேன். புது மெஷின் வாங்கியாச்சு, இப்ப நல்லாக் கேட்குது, கேப்ஷன் தேவையில்லைன்னு. அவன் பேர்லதான். அவன் மெயிலெல்லாம் நான்தானே பார்க்கறேன்.

— லோர்னா!

— கத்தாதே, கேரட்டைக் கழுவு. மூணு பேர், மூணு சின்னப் பெட்டிக்குள்ள முகம். ஒருத்தர் தாடி வெச்சிருப்பார், ஒருத்தர் வாயைக் கையால மூடிக்கிட்டுப் பேசுவார். பாதிக் கேள்வி புரியாது. 'மறுபடி சொல்லுங்க, மறுபடி சொல்லுங்க'ன்னு ரெண்டு தடவை கேட்பான். மூணாவது தடவை கேட்க வெட்கப்பட்டுக்கிட்டு, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லுவான்.

— இதுக்குப் பதிலா, வேண்டாம் போகாதேன்னு அவன்கிட்டயே சொல்லிடலாமேடி.

— சொன்னா நான் கெட்டவ. சாகற வரைக்கும் 'உன்னாலதான் போகல'ன்னு முகத்தைத் தூக்கி வெச்சுக்குவான். அவனே தோத்தான்னா பழி யார் மேலயும் இல்ல. ஊருக்கும் நான் நல்லவ, அவனுக்கும் நான் நல்லவ.

— எனக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டாம். நான் எதுவும் கேட்கல, தெரிஞ்சுக்கோ.

— பதினோரு வருஷமா அவன் காது நான் கெயில். பேங்க்ல நான், டாக்டர்கிட்ட நான். அவன் அம்மாவைப் புதைச்சப்போ பாதிரியார் சொன்னதை ஒவ்வொரு வார்த்தையா அவன் முகத்துக்கு நேரா நின்னு சொன்னவ நான். நியூகாசில் போனா எல்லாரும் அவனைப் பார்த்து நிதானமாப் பேசுவாங்க. சில பேர் கை ஜாடையிலயே பேசுவாங்க. அங்க நான் யாரு?

— லோர்னா. நிமிஷம் ஆயிடுச்சு.

— திரும்பிட்டேன் செல்லம், சொல்லு. என்ன, முகம் வெளுத்திருக்கு? பசியா?

— இல்ல. அந்த அம்மாகிட்ட... உள்ளதை உள்ளபடி சொல்லணும். முகத்துக்கு நேரா. அதாவது, மறைச்சா... குழந்தைக்குத்தான் ஒண்ணும் தெரியாதேன்னு நாம நினைச்சுக்கறோம்.

— அப்புறம்?

— அவ்வளவுதான்.

— அவ்வளவுதானா? மறுசோதனை எப்ப, அதுல என்ன பண்ணுவாங்க, ஒண்ணும் சொல்லலையே? நேத்து சமத்தா ஒப்பிச்சே! இன்னைக்கே இப்படின்னா நாளைக்குக் கேட்கவே வேண்டாம். எனக்கு அசிங்கமா இருக்கு ரோரி. இந்த வாரம் பூரா என் தூக்கத்தைக் கெடுத்து இதுக்கா சொல்லிக் குடுத்தேன்?

— விடுடி, தண்ணி குடிக்கட்டும் அவன்.

— தண்ணி குடிச்சா மூளை வருமா? ரோரி, அதே கேள்வியை ஒரு நிமிஷம் யோசிச்சு, மறுபடி சொல்லு. இந்தத் தடவையாவது உருப்படியா. அடி, அடி, நல்லா அடிச்சுக்கோ பாயிண்ட்டை. நீ பார்த்தேல்ல கெயில்? இப்பவே ஆட்டம் கண்டாச்சு.

— லோர்னா, ஒண்ணு கேட்கறேன். போன வருஷமும் கேப்ஷன் வரலைன்னுதானே சொன்னான்?

— ம்.

— அதுவும் நீயா?

— கிழங்கு மேல தோல் இருக்கு பாரு.

— போன வருஷம் மூணு வாரம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தானேடி! வேலைக்குப் போகல. குளிக்கல. 'செவிடனுக்கு எதுக்குக் காது வைத்தியம்'னு தலையில அடிச்சுக்கிட்டான்னு நீதானே வந்து சொன்னே!

— அப்ப பக்கத்துல உட்கார்ந்து சூப் ஊட்டினது யாரு? நான். கையைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்க வெச்சது யாரு? நான். எங்களுக்குக் கல்யாணமாகி அவ்வளவு நெருக்கமா நாங்க இருந்ததே இல்ல கெயில். நிஜமாச் சொல்றேன், அந்த மூணு வாரம் நான் சந்தோஷமா இருந்தேன்.

— உன்னைப் பெத்தவதான் என்னையும் பெத்தா. எனக்கே பயமா இருக்கு உன்னைப் பார்த்தா.

— பயந்துக்கோ. நாளைக்கு அவன் தோத்ததும் பார்லரைத் திறக்க நான் வருவேன்ல, அப்ப சந்தோஷப்பட்டுக்கோ.

— நிமிஷம் ஆச்சு லோர்னா.

— சொல்லு, குழந்தையோட அம்மாகிட்ட...

— அந்தக் கேள்வி போதும். வேற கேளு.

— ரோரி, நான் ஒண்ணு கேட்கட்டுமா? சுலபமானதாக் கேட்டு முடிச்சுடலாம். அந்தப் பேப்பரைக் குடு லோர்னா. இது நல்லாருக்கு. என் முகத்தைப் பாரு ரோரி. 'எதிர்ல இருக்கறவர் சொல்ல விரும்பாத ஒரு விஷயத்தை நீங்க எப்படிப் புரிஞ்சுக்கிட்டீங்க? சொந்த அனுபவத்துலருந்து ஒரு உதாரணம் சொல்லுங்க.' யோசிக்க ஒரு நிமிஷம் எடுத்துக்கோ.

— யோசிக்க வேண்டாம். இப்பவே சொல்லிடறேன்.

— அவசரப்படாதே செல்லம், உளறிடுவே.

— எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க இருக்காங்க. அதாவது, ரொம்ப நெருக்கம். எனக்காக நிறையச் செஞ்சிருக்காங்க, அது பொய் இல்ல. அவங்களுக்குக் கோவம் வந்தா என்னை மரம்பாங்க, கட்டைம்பாங்க. அதை நான் பெரிசா எடுத்துக்கறதில்ல. காது கேட்காதவனோட குடித்தனம் பண்றது கஷ்டம். எங்கயாவது கொட்டித்தான் ஆகணும்.

— என்ன கதை விடறே ரோரி?

— நான் முடிச்சுடறேன், குறுக்க பேசாதே. அங்கயும் பேச மாட்டாங்க. ஆனா இன்னைக்குப் புதுசா மூணு விஷயம் தெரிஞ்சது. இந்த வருஷம் கேப்ஷன் வேண்டாம்னு எழுதினது. போன வருஷம் எழுதினது. மூணு வாரம் அவங்க சந்தோஷமா இருந்தது.

— கெயில்! ஜாடை காட்டினியா நீ?

— நான் உன் பக்கத்துலதானேடி நின்னேன்! ரெண்டு கையும் சிங்க்குக்குள்ள இருந்துச்சு!

— ரோரி, மெஷினை மாட்டிக்கிட்டுத்தான் நாடகம் போட்டியா? திருட்டுத்தனமா ஒட்டுக் கேட்டியா?

— மெஷின் உன் முன்னால மேசையில இருக்கு. எடுத்துப் பாரு.

— அப்ப யாரு சொன்னா உனக்கு? சொல்லு! தப்பாப் புரிஞ்சுக்கிட்டே நீ. நாங்க வேற யாரைப் பத்தியோ பேசிக்கிட்டிருந்தோம். கெயில், சொல்லேன் அவன்கிட்ட!

— என்னை இழுக்காதே. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

— லேப்டாப்ல நான் பாயிண்ட் அடிக்கல லோர்னா. இன்டர்வியூ பண்றவங்களுக்குத்தான் எழுதினேன், என் ஆஸ்பத்திரி மெயில்லருந்து. கேப்ஷன் வேணும், வேண்டாம்னு எழுதினது நான் இல்லைன்னு. பதில் இன்னும் வரல. வராமலே போகலாம், நேரமாயிடுச்சு. வராட்டாலும் நாளைக்கு உட்காருவேன், இந்த வீட்ல இல்ல. கிடைச்சா நியூகாசிலுக்குத் தனியாப் போறேன். கிடைக்கலைன்னாலும் தனியாத்தான்.

— செல்லம், என்னைப் பாரு. என் முகத்தைப் பாரு. நீ இல்லாம நான் என்ன பண்ணுவேன்? சொல்லு, எப்படித் தெரிஞ்சுது உனக்கு? நான் திரும்பித்தானே நின்னேன்!

— வெளியில இருட்டிட்டா, சிங்க்குக்கு மேல இருக்கற ஜன்னல் கண்ணாடியில உன் உதடு நல்லாத் தெரியும் லோர்னா. கல்யாணமாகி வந்த முதல் குளிர்காலத்துலருந்து பார்த்துக்கிட்டிருக்கேன்.